மெரிமாக் கரை மாணவர்கள்: குடிநீரை அளக்கக் கற்ற வரலாறு, 1872–1918

நீரும் நோயும் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் ஜான் ஸ்னோவில் தொடங்கி ராபர்ட் கோக்கில் வந்து நிற்கும். அது நோய்க்குக் காரணம் தேடியவர்களின் கதை. குடிநீரை மாதந்தோறும் அளந்து, அளப்பதற்கு விதிமுறை எழுதியவர்களின் கதை வேறு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் மாணவர்கள், அல்லது அப்போதுதான் பட்டம் வாங்கியவர்கள். அவர்கள் எடுத்த எண்கள் நிலைத்ததற்குத் திறமை மட்டும் காரணம் அன்று. அந்த எண்களைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த ஓர் அரசு வாரியம் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதார வாரியம் 1869இல் அமைந்தது. ஆறு குளங்களின் நீரைச் சோதித்துத் தரும் பொறுப்பை அது 1872இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) வேதியியல் பேராசிரியர் வில்லியம் ரிப்ளி நிக்கல்ஸிடம் ஒப்படைத்தது. ஆய்வக மேசையில் நின்று பகுப்பாய்வில் பெரும்பகுதியைச் செய்தவர் எல்லன் ஸ்வாலோ என்ற மாணவி. எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். அவரிடம் நிறுவனம் கட்டணம் வாங்கவில்லை. தாராள மனத்தால் அல்ல: யாராவது ஆட்சேபித்தால், அவர் முறையான மாணவியே அல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா! 1873இல் பட்டம் பெற்றார். திருமணத்துக்குப் பின் எல்லன் ரிச்சர்ட்ஸ் ஆனார். 1884இல் சுகாதார வேதியியல் கற்பிக்கும் பணியில் அமர்ந்தார்.

1887இல் வேதியியலாளர் தாமஸ் டிரவுனின் மேற்பார்வையில் மாநிலம் முழுவதற்குமான நீர் அளவாய்வு தொடங்கியது. ஆய்வக வேலை ரிச்சர்ட்ஸிடம் வந்தது. ஒரே நீர்நிலைகளிலிருந்து மாதிரிகள் திரும்பத் திரும்ப வந்தன. குப்பிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இவற்றிலிருந்து உருவானதுதான் ‘இயல்பு குளோரின்’ வரைபடம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு கரையோர நீரில் கூடுதலாகவும் உள்நாடு செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கும். மனிதக் கழிவிலும் உப்பு உண்டு. ஆகவே ஓரிடத்துக்கு இயல்பாக இருக்க வேண்டிய குளோரைடு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேல் இருப்பது ஊர்க் கழிவின் அடையாளம். எளிய தர்க்கம்தான். ஆனால் மாநிலம் முழுவதும் அளக்காமல் ‘இயல்பு’ எது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

குளோரைடு, கழிவு கலந்ததைச் சொல்லும். அதில் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அந்தக் கேள்விக்கான இடம் 1887இல் மெரிமாக் ஆற்றங்கரையில் லாரன்ஸ் நகரில் தொடங்கிய சோதனை நிலையம். அடுத்த ஆண்டு வாரியத்தின் உயிரியலாளராக எம்.ஐ.டி. பேராசிரியர் வில்லியம் செட்ஜ்விக் வந்தார். அவர் மாணவர்களும் பின்னாலேயே வந்தார்கள். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு வந்த ஆலன் ஹேசன் நிலையத்தின் பொறுப்பேற்றபோது வயது இருபதைக்கூட எட்டவில்லை. வடிகட்டி மணலின் பருமனைக் குறிக்க இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் ‘பயனுறு அளவு’ அவர் அங்கே வகுத்ததே.

லாரன்ஸில் பெரிய தொட்டிகளில் மணல் நிரப்பிச் சாக்கடை நீரை விட்டுவிட்டு ஊற்றினார்கள். புது மணலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சில வாரங்கள் கழிந்த பிறகே அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கும். மணல் சல்லடை போல அழுக்கைப் பிடிக்கிறது என்ற எண்ணத்துக்கு இது பொருந்தவில்லை. மண்ணில் நடக்கும் இந்த மாற்றத்தைக் குளோரோஃபார்ம் நிறுத்திவிடுகிறது என்று பிரான்சில் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் 1877இலேயே காட்டியிருந்தார்கள். வேலை செய்வது உயிர் என்று பொருள். அந்த உயிரைப் பிடிக்க முனைந்தவர் 1888இல் பட்டம் பெற்ற எட்வின் ஜோர்டன், உடன் ரிச்சர்ட்ஸ். சிக்கல் என்னவென்றால், அன்றைய நுண்ணுயிரியலின் அடிப்படைக் கருவியான ஜெலட்டின் தட்டில் இந்தக் கிருமி வளரவே இல்லை. எனவே அம்மோனியா உப்பு கரைந்த நீரில் மாதிரியைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கடைசியாக எந்தக் குடுவை வரை நைட்ரைட் தோன்றுகிறது என்று பார்த்தார்கள். 1890இல் அவர்கள் முடிவு வெளிவந்தது. அதே ஆண்டில் ஜூரிச்சில் வினோகிராட்ஸ்கியும் பிரிட்டனில் பெர்சி ஃபிராங்லண்டும் அதே இலக்கை எட்டினார்கள். பாடநூல்கள் வினோகிராட்ஸ்கியை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. சிலிக்கா ஜெல்லில் அவர் செய்த வேலை நுட்பமானது என்பதால் அது முழு அநீதியும் அல்ல.

1890–91இல் லோவெல், லாரன்ஸ் நகரங்களில் டைபாய்டு பரவியது. லோவெல்லின் சாக்கடை மெரிமாக்கில் இறங்கியது. கீழே லாரன்ஸ் அதே ஆற்று நீரைக் குடித்தது. செட்ஜ்விக் வீடுவீடாக விசாரித்து இந்தத் தொடர்பை நிறுவினார். 1893இல் லாரன்ஸ் மணல் வடிகட்டி இயங்கத் தொடங்கியதும் டைபாய்டுச் சாவுகள் பெருமளவு குறைந்தன.

அடுத்த தேவை, எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுவது. செட்ஜ்விக்கும் பொறியாளர் ராஃப்டரும் உருவாக்கிய முறையில், நீரைப் புனலில் உள்ள மணல் வழியே வடிக்க வேண்டும். மணலில் தங்கிய நுண்ணுயிர்களைச் சிறிதளவு நீரில் கழுவி எடுத்து, 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழமுள்ள கண்ணாடிக் கட்டத்தில் ஊற்றி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். கட்டம் கொள்வது சரியாக 1 மில்லி லிட்டர். நம் கல்லூரிகளில் குளத்து மிதவையுயிர்களை எண்ணும் ‘எஸ்.ஆர். செல்’ இதுதான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் நீர்ப் பகுப்பாய்வு நிலைமுறைகள் 1905இல் வெளியாயின; அவற்றை வகுத்த குழுவுக்குத் தலைவர் ஜார்ஜ் ஃபுல்லர். ஹேசனுக்குப் பின் லாரன்ஸ் நிலையத்தை நடத்திய அவரும் செட்ஜ்விக்கின் மாணவர்.

ஒரே முறையில் எண்ணினாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1908இல் ஜெர்சி சிட்டியின் குடிநீரில் குளோரின் கலக்கும் ஆலையை வடிவமைத்தவர் ஃபுல்லர். நீரின் தூய்மை குறித்து நகரத்துக்கும் குடிநீர் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் அவர் நிறுவனத்தின் பக்கம் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பில் நகரத்துக்காகச் சாட்சி சொன்னவர்களில் அவர் ஆசிரியர் செட்ஜ்விக்கும், இன்னொரு மாணவர் ஜார்ஜ் விப்பிளும் இருந்தனர். இரு தரப்பும் வாதாடியது பாக்டீரியா எண்ணிக்கையை வைத்துத்தான். குளோரின் வென்றது.

எண்ணும் முறையும் தொடர்ந்து மெருகேறியது. 1915இல் மெக்ரேடி என்பவர், பல குழாய்களில் எத்தனையில் வாயு தோன்றியது என்பதிலிருந்து கழிவுக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையை நிகழ்தகவால் கணக்கிட வழி சொன்னார். 1918இல், எம்.ஐ.டி.யில் படித்த மேக்ஸ் லெவின் ஈயோசின்–மெத்திலீன் நீல (இ.எம்.பி.) அகரை எளிமைப்படுத்தினார். தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர் டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழைப் பார்த்துவிட்டு, மறுநாள் இ.எம்.பி. தட்டில் ஈ.கோலையின் பச்சை உலோக மினுமினுப்பைத் தேடுவது இந்த இரண்டின் தொடர்ச்சி. 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை தென்படவே கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500.

செய்முறை அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. மாதிரி எடுக்கும் ஒழுங்கு அந்த அளவுக்கு வரவில்லை. நம் திட்டக் கட்டுரைகளில் பல, ஓர் ஊரின் நாலைந்து கிணறுகளை ஒரு பருவத்தில் மட்டும் சோதிப்பவை. அடுத்த ஆண்டு மாணவர் வேறு ஊருக்குப் போகிறார். முந்தைய எண்கள் துறை நூலக அலமாரிக்குப் போகின்றன. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் தமக்குள் கிணறுகளைப் பங்கிட்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அதே கிணறுகளில் மாதிரி எடுத்து, முடிவுகளைக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்புவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.