கோம்ஸ், வில்லியம் ஹென்றி (1827–1902)

வில்லியம் ஹென்றி கோம்ஸ், சிங்கப்பூரில் 30 ஆண்டுகள் ஊழியம் செய்த ஆங்கிலிகன் குருவானவர். இலங்கையில் பிறந்து, கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் படித்தவர். சுவிசேஷம் பரப்பும் ஆங்கிலிகன் அமைப்பான எஸ்.பி.ஜி. சங்கத்தின் மிஷனரியாக 1852 முதல் 1867 வரை சரவாக்கின் லுண்டுவில் டயாக் மக்களிடையே பணியாற்றினார். அவருடைய மகன் எட்வின் கோம்ஸும் அதே சங்கத்தின் குருவாகச் சரவாக் சென்றார். டயாக் மக்களைப் பற்றி எட்வின் எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது.

கோம்ஸ் 1872இல் சிங்கப்பூருக்கு வந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷனின் பொறுப்பை ஏற்றார். 1862இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியும் அவர் பார்வைக்குள் வந்தது. அதே 1862இல்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் பிரதிஷ்டையாகியிருந்தது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் ஊர்க் கைவேலை மின்னிய அந்தச் சுவர்களுக்குள் ஆராதனை மொழி ஆங்கிலம்.

தமிழருக்கும் சீனருக்கும் இடம் தந்தது, 1875இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் எழுந்த செயின்ட் பீட்டர்ஸ் ஆலயம். ஒரே கூரையின் கீழ் தமிழ், சீனம், மலாய் ஆராதனைகள் முறைவைத்து நடந்தன. மலாய் ஆராதனை பாபா குடும்பங்களுக்கானது. சீனராயினும் அவர்கள் வீட்டில் பேசியது மலாய். ஜெபங்களை மலாயில் ஆக்கித் தந்த கோம்ஸ், யாரையும் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா என்று வாசலில் நிறுத்தவில்லை. என் மதிப்பீட்டில், அவர் ஊழியத்தின் சாரம் இதுவே.

பாபா மக்களின் பேட்டையாகப் பின்னர் பெயர்பெற்ற காத்தோங், அப்போது கடலோரத் தென்னந்தோப்பு. அங்கே சிலோன் சாலையில் செயின்ட் ஹில்டா ஆலயம் 1930களில்தான் வேரூன்றியது. கோம்ஸின் பெயரை அங்கே தேட வேண்டாம். அவர் பாடுபட்டது நகர நடுவில்.

அவர் 1902இல் சிங்கப்பூரிலேயே காலமானார். செயின்ட் பீட்டர்ஸ் ஆலயம் இன்று இல்லை. ஆங்கிலிகன் தமிழ் ஆராதனை, லிட்டில் இந்தியாவை ஒட்டிய டார்செட் சாலைக் கிறிஸ்து ஆலயத்தில் தொடர்ந்து நடக்கிறது.