கம்பம் பள்ளத்தாக்கும் காட்டின் அனுமதியும்

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். இவற்றின் நடுவே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்களுக்கு மலை என்பது வெறும் காட்சிப் பொருளன்று. வயலுக்கு நீர் தருவதும், சந்தைக்கு ஏலமும் மிளகும் தருவதும் அம்மலைகளே.

அம்மலைகள் இன்று பெரும்பாலும் சட்டக் காவலுக்குள் இருக்கின்றன. தென்மேற்கில் பெரியாறு புலிகள் காப்பகம். அதன் மையப் பகுதி தேசியப் பூங்கா. வடமேற்கில், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், 2003இல் அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. கிழக்கிலும் தெற்கிலும் 2021 பிப்ரவரியில் அமைந்த திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். ஆகவே இப்பள்ளத்தாக்கில் அணையைச் செப்பனிடவோ, சுரங்கம் குடையவோ, சிற்றூருக்குச் சாலை போடவோ எண்ணுவோர் ஓரிடத்தில் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியவராகின்றனர். அவ்விண்ணப்பத்தை ஆராய்ந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்பவர் யார்? சொல்லுமுன் எவரைக் கேட்கிறார்? இக்கேள்விக்கு நம் பள்ளத்தாக்கின் வரலாறு தரும் விடை படிப்பினை மிக்கது.

அணையும் மரமும்

மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மலைக்குள் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பும் பணிக்கு 1886 அக்டோபர் 29இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் கையொப்பமிட்டன. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை, காலம் 999 ஆண்டு. 1895இல் பென்னி குயிக் கட்டிய அணை நிறைந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இன்றும் அந்நீரால் வாழ்கிறது. அந்நன்றியை இவ்வூர் மக்கள் மறப்பதில்லை.

ஆனால் அவ்வொப்பந்தத்தின் அமைப்பையும் நோக்க வேண்டும். நிலம் கொடுப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர், மூன்றாமவர் எவருமில்லை. காட்டுக்காகப் பேச அன்று சட்டம் இல்லை. அக்காட்டில் வாழ்ந்த மன்னான், பளியர் குடிகளுக்காகப் பேசவும் ஆள் இல்லை. இரு அரசினர் ஒப்பினர், காரியம் முடிந்தது.

பிறகு காலம் மாறிற்று. அணை தேக்கிய ஏரியின் கரைகளுக்கு யானைகள் நீருண்ண வந்தன. 1934இல் திருவிதாங்கூர் அரசு அங்கே வனவிலங்குச் சரணாலயம் அமைத்தது. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. 1982இல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை பூங்காவுக்குள் கட்டப்படவில்லை; அணையைச் சுற்றித்தான் பூங்கா வளர்ந்தது. ஆயினும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தபின், அணைக்கு உரியவரும் அங்கே ஒரு மரத்தை வெட்ட மனுப் போட வேண்டியவராயினர்.

இதன் விளைவை 2021இல் கண்டோம். பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும். அதற்கு இடையூறாக நிற்கும் 23 மரங்களை வெட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விண்ணப்பம். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பலப்படுத்தும் பணிக்கு உச்ச நீதிமன்றமே இடம் தந்திருந்தது. 2021 நவம்பர் தொடக்கத்தில் கேரள வனத்துறையின் உயர் அதிகாரி 15 மரங்களுக்கு அனுமதி அளித்தார். தமிழக முதலமைச்சர் நன்றி தெரிவித்தார். ஒரு வாரம் செல்வதற்குள் கேரள அரசு அவ்வாணையை ரத்துச் செய்தது. துறை அமைச்சருக்கே தெரியாமல் ஆணை பிறந்தது என்றனர். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பக் கேரளத்துக்கும், அதன்மீது முடிவு சொல்ல மத்திய அரசுக்கும் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

1886இல் காட்டைக் கேட்பார் இல்லை. 2021இலோ, பதினைந்து மரங்களுக்கு யார் விடை சொல்ல வேண்டும் என்பதே விளங்கவில்லை. கேளாமல் முடிப்பது ஒரு குறை என்றால், கேட்டும் முடியாதிருப்பது மற்றொரு குறை.

பொட்டிப்புரத்து விண்ணப்பம்

இவ்விரு குறைகளும் ஒருங்கே கூடிய நிகழ்ச்சி ஒன்று பள்ளத்தாக்கின் மறுகரையில் நடந்தது. அது நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தின் கதை.

நியூட்ரினோ என்பது எதனோடும் எளிதில் மோதாமல் மண்ணையும் மலையையும் நம் உடலையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள். அதனால் எவருக்கும் தீங்கில்லை. வானிலிருந்து பொழியும் பிற கதிர்களை வடிகட்டினாலன்றி அதைக் காண இயலாது. வடிகட்டுவதற்கு ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். 1965இல் கோலார் தங்க வயலின் ஆழ்சுரங்கத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்டவர்களுள் நம் நாட்டு அறிஞர்கள் இருந்தனர். கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்கள் வேறு மலை தேடினர்.

முதலில் நீலகிரியின் சிங்காராவைக் கேட்டனர். அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, யானை வழி. 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்து, சுருளியாற்றுப் பகுதியைப் பார்க்கச் சொன்னது. அதுவும் அடர்ந்த காடாயிருந்தமையால், உத்தமபாளையம் வட்டத்துப் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைத் தேர்ந்தனர். சுரங்க வாய் காட்டுக்கு வெளியே அரசுப் புறம்போக்கில் இருக்கும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் காப்புக்காட்டின் அடியில் செல்லும். உள்ளே 50,000 டன் இரும்பால் ஆன கருவி நிற்கும். இதுவே திட்டம். சிங்காரா மறுக்கப்பட்டதும் அறிஞர்கள் இடம் மாறியதும் அனுமதி முறை செம்மையாக வேலை செய்ததற்குச் சான்று. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

2011 ஜூனில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. அப்போதுதான் ஊரார் விழித்தனர். ஆடுமாடு மேயும் நிலத்துக்கு வேலி வருமா? வெடி வைத்தால் பாறையின் ஊற்றுக்கண் என்னாகும்? வெட்டியெடுக்கும் பல இலட்சம் டன் கல் எங்கே குவியும்? இவை மலையடிவாரத்து மக்களின் நேர்மையான கேள்விகள். கதிர்வீச்சு பரவும், அணை உடையும் என்ற அச்சங்களும் உடன் பரவின. விடை சொல்ல வேண்டிய நேரத்தில் எவரும் ஊர் நடுவே அமர்ந்து சொல்லாததால், மெய்யான கேள்வியும் பொய்யான அச்சமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2017 மார்ச் 20இல் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணம் இரண்டு. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டரில் உள்ளது, 5 கிலோமீட்டருக்குள் பூங்கா இருந்தால் விண்ணப்பத்தை உயர்ந்த வகையில் வைத்து மத்தியக் குழு ஆராய வேண்டும், அவ்வாறு ஆராயப்படவில்லை. இது முதற்காரணம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த நிறுவனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றதன்று என்பது இரண்டாவது.

அந்நிறுவனம் கோவையிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம். 1933இல் திருவிதாங்கூர் மலைகளில் நடந்தே பறவைகளைக் கணக்கெடுத்த பெருமகனார் டாக்டர் சலீம் அலியின் பெயரைத் தாங்கியது. அறிவு இல்லாததால் அது தவறவில்லை. காகிதத்தில் ஒரு முத்திரை இல்லாததால் அதன் அறிக்கை செல்லாதாயிற்று. 4.9 என்ற அளவோ வரைபடத்தைப் பார்த்தாலே தெரியக்கூடியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கக் கூடாது.

2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் இத்திட்டத்தைத் தனி நேர்வாகக் கொண்டு, கட்டட வகையில் வைத்து மீண்டும் அனுமதி தந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் பெற வேண்டும் என்று நிபந்தனை இட்டது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அங்கே தாக்கல் செய்த உறுதிமொழியில், போடி மேற்கு மலை பெரியாற்றையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலிகளின் வழி என்றும், கொட்டக்குடி ஆறு முதலியவற்றின் நீர்ப்பிடிப்பு என்றும் கூறி, அனுமதிக்க இயலாது என்றது. மலை குடையப்படவில்லை. கருவியின் 85 டன் மாதிரி ஒன்று மதுரையில் இயங்கலாயிற்று. பொட்டிப்புரத் திட்டம் அறிவிக்கப்பட்ட அதே 2015இல் சீனத்துக் குவாங்டாங் மாநிலத்தில் தொடங்கிய நியூட்ரினோக் கூடமோ 2025 ஆகஸ்டில் ஆய்வைத் தொடங்கிவிட்டது.

இத்தாலியின் பாடம்

மலைக்குள் ஆய்வுக்கூடம் அமைப்பது எங்குமே ஆகாததா? இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் 1,400 மீட்டர்ப் பாறைக்குக் கீழே இத்தகைய கூடம் உண்டு. அம்மலை 1991 முதல் தேசியப் பூங்கா. அங்கே பெரும் ஆய்வுகள் நடந்தன. ஆனால் 2002 ஆகஸ்டில் ஒரு கருவியின் வேதித்திரவம் சிறிதளவு கசிந்து ஓடையிற் கலந்தது. அம்மலையின் நீரைக் குடிக்கும் ஊர்கள் கொதித்தெழுந்தன. மறு ஆண்டு ஆய்வு மண்டபம் ஒன்று நீதித்துறை ஆணையால் மூடப்பட்டது. வடிகாலையும் நீர்வழியையும் செப்பனிட்ட பின்னரே பணி தொடர்ந்தது.

பொட்டிப்புரத்துக் கருவி இரும்பால் ஆனது, அத்திரவம் இங்கில்லை. எனினும் பாடம் பொருந்தும். அறிவியலும் பூங்காவும் ஒரே மலையில் இருக்கக்கூடும். ஆனால் அம்மலையின் நீரைக் குடிப்பவனுக்கு முதலிலேயே விடை சொல்லியாக வேண்டும்.

சிறு விண்ணப்பங்கள்

அணையும் ஆய்வுக்கூடமும் பெரிய விண்ணப்பங்கள். அவற்றுக்கு அரசுகளும் வழக்கறிஞர்களும் உண்டு. மலைமேல் வாழ்பவனின் விண்ணப்பத்துக்கு யார் உண்டு? அகமலைப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டி மலைப்பாதையில் தூக்கி வந்த செய்தியை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். அவன் கேட்பது சில கிலோமீட்டர்ச் சாலை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, பயன்படுத்த அனுமதிக்கலாம். ஆனால் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இங்கேதான் சட்டம் முதன்முதலாக மலைவாழ் மனிதனைக் கேட்கச் சொல்கிறது. தமிழ்நாட்டிலோ 2008இல் பிறந்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் வன உரிமைப் பட்டாக்கள் 2016 வரை தடைப்பட்டிருந்தன. பிற மாநிலங்கள் முன்னே சென்ற எட்டாண்டுகளை நாம் இழந்தோம்.

பழைய ஒரு நெறி

காப்பு நிலத்தில் யாரை அனுமதிப்பது என்ற கேள்வி புதியதன்று. அரபு நாட்டில் பொதுநலன் கருதி ஒதுக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு ஹிமா என்று பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹுனை என்பவரை அதற்குக் காவலராக அமர்த்தியபோது அளித்த அறிவுரை புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: சில ஒட்டகமும் சில ஆடும் உடையவனை உள்ளே விடு, பெருஞ்செல்வர்களின் மந்தைகளில் எச்சரிக்கையாயிரு. அவர்களுக்கு மந்தை அழிந்தாலும் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையோ மந்தை அழிந்தால் மக்களோடு வந்து ஆட்சியாளர் முன் நிற்பான்.

இவ்வறிவுரையில் காப்பு நிலம் திறந்துவிடப்படவில்லை. முற்றிலும் பூட்டப்படவும் இல்லை. மறுத்தால் யாருக்கு வாழ்வு போகும், யாருக்குச் சிறிது இலாபம் மட்டும் குறையும் என்று காவலர் எடைபோட வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்வெடை கொண்டு பார்த்தால் டோலியில் நோயாளியைத் தூக்குபவனின் மனு முதலில் எடுக்கப்பட வேண்டியது. நடைமுறையிலோ அதுவே கடைசியில் கிடக்கிறது.

செய்யத்தக்கது

காட்டைக் காக்கும் சட்டங்களைத் தடைக்கற்கள் என்று பழிப்பவர் உண்டு. அது பொருந்தாது. மேகமலைக் காடு அழிந்தால் வைகை வறளும். வைகை வறண்டால் மதுரையும் இராமநாதபுரமும் வாடும். மறுக்க வேண்டியதை மறுக்கத்தான் வேண்டும். ஆனால் மறுப்பாயினும் ஒப்புதலாயினும், தூரத்தை அளந்து, உரிய வகையில் வைத்து, உரியவரைக் கேட்டு, காரணத்தை எழுதி, காலத்தில் சொல்லப்பட வேண்டும். பொட்டிப்புரத்தில் இவை முதலிலேயே நடந்திருந்தால், கூடாது என்ற முடிவானாலும் அறிஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு மலை நாடியிருப்பர். ஊராரும் அச்சத்தோடு காத்திருந்திருக்க மாட்டார்கள்.

நம் பங்கும் ஒன்று உண்டு. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்ததன் நோக்கம், இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் படித்துத் தெளிவு பெற வேண்டும் என்பதே. அத்தெளிவு ஊர்க் காரியத்துக்கும் பயன்பட வேண்டும். கிராம சபை கூடும் நாளில், மலைமேல் எது வரப்போகிறது, வரைபடத்தில் அது எங்கே உள்ளது, பூங்காவின் எல்லையிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் போதும். 1886இல் நம்மைக் கேட்க எவரும் வரவில்லை. இன்று கேட்கும் கடமையைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அச்சபைக்குப் போய் அமர்வது நம் கையில் இருக்கிறது.