வோல்காவிலிருந்து பாஸ்டன் வரை

முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ வழியாகவே நம்மில் பலர் ரஷ்ய இசைக்குள் நுழைந்திருப்போம். அதன் தொடக்கத்தில் கம்பீரமாகத் தனித்து ஒலிக்கும் டிரம்பெட்டை அவர் எழுதவில்லை என்று அறியும்போது சற்றே திகைக்கிறோம். 1874இல் அவர் எழுதியது பியானோவுக்கு மட்டுமே. இன்று நாம் கேட்கும் வடிவத்தை உருவாக்கச் செய்தவர், அதே 1874இல் பிறந்த செர்கே கூசெவிட்ஸ்கி.

எளிய யூதக் குடும்பத்தில் பிறந்து, டபுள் பாஸ் வாசிப்பில் புகழ்பெற்றவர் அவர். தேயிலை வணிகரின் மகளான நடாலியாவை 1905இல் மணந்தார். கைக்கு வந்த செல்வத்தை இசைக்கே செலவிட்டார். 1909இல் ரஷ்ய இசைக்கெனப் பதிப்பகம் தொடங்கினார். ஸ்க்ரியாபின், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் படைப்புகளை அச்சேற்றினார். 1910இல் தம் இசைக்குழுவைக் கப்பலில் ஏற்றி வோல்கா நதிக்கரை நகரங்களுக்கு அழைத்துச் சென்றார். நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுமுன் தம் மக்களிடம் அவர் போனார் என்பதை நாம் மறக்கலாகாது.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1920இல் நாட்டை விட்டு வெளியேறினார். பாரிஸில் 1921 முதல் இசைநிகழ்ச்சிகளை நடத்தினார். முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தருமாறு ரவெலைக் கேட்டவர் அவரே. 1922 அக்டோபர் 19 அன்று பாரிஸ் ஓபரா அரங்கில் அது முதன்முதலாக ஒலித்தது. பழங்கோட்டையைச் சித்திரிக்கும் பகுதியில் பாட வந்தது சாக்ஸஃபோன்! மூலத்தில் இருந்த ‘உலாவல்’ பகுதிகளுள் ஒன்றை ரவெல் விட்டுவிட்டார். இந்தப் பிரெஞ்சு மெருகை விரும்பாத ஸ்டொகோவ்ஸ்கி, 1939இல் தமக்கெனத் தனி வடிவம் செய்துகொண்டார்.

1924 முதல் 1949 வரை, 25 ஆண்டுகள் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தினார் கூசெவிட்ஸ்கி. அக்குழுவின் பொன்விழாவுக்காக ஸ்ட்ராவின்ஸ்கி, ப்ரோகோஃபியெவ் இருவரிடமும் புதிய படைப்புகளைக் கேட்டுப் பெற்றார். முன்னவர் தந்தது ‘சங்கீதங்களின் சிம்பொனி’; பின்னவர் தந்தது தம் நான்காம் சிம்பொனி. 1951இல் பாஸ்டனிலேயே மறைந்தார்.

மொழிபெயர்ப்பில் ருஷ்ய இலக்கியம் படித்து வளர்ந்த நமக்கு இவர் அந்நியரல்லர். எல்லை கடக்கும் கலை எதையோ இழக்கிறது. கடக்காவிடில் நாம் அதை அறியவே போவதில்லை. ரவெலின் வழியே உள்ளே வந்தவர்கள் ஒருமுறை அந்தப் பியானோவையும் கேட்க வேண்டும். கூசெவிட்ஸ்கிக்கு நாம் பட்ட கடன் அப்போதுதான் தீரும்.