வராத விருந்தாளிக்கு ஒரு இலை

வரலாறு எண்டால் அரசர்களும் போர்களும் மட்டும்தானா? சி மொழியில் எழுதின சில வரிகளுக்கும் வரலாறு இருக்கு.

1983இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸை வெளியிட்டது. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா. அதுக்குத் தேவைப்பட்டது டிசிபி/ஐபி. ஆனா பேர்க்லிக்காரர் அதை மட்டும் மனசில் வைத்து எழுதவில்லை. வலையமைப்புத் தொடர்பை 'சொக்கெற்' ஆக்கி, கோப்பைப் போலவே அதையும் வாசிக்க, எழுத விட்டார்கள். இணைப்புக் கேட்கும்போது முகவரியோடு அதன் வகையையும் நீளத்தையும் சொல்லவேண்டும் எண்டு வைத்தார்கள். அப்போது அது வீண்வேலை போலத் தெரிந்திருக்கும்.

1990களில்தான் அதன் அருமை விளங்கியது. 32 பிற் முகவரிகள் போதாது எண்டு 128 பிற் ஐபிவி6 வந்தபோது, 'கனெக்ட்', 'பைண்ட்' இரண்டும் மாறாமல் நின்றன. 32 பிற்தான் எப்பவும் எண்டு நம்பி எழுதின நிரல்களைத்தான் திருத்தவேண்டி வந்தது.

பேர்க்லியின் கணக்கும் முழுக்கச் சரியில்லை. அவர்களின் பொது முகவரிப் பெட்டி 16 பைற். புது முகவரிக்கு 28 வேணும். 1999இல் பெரிய பெட்டி ஒண்டை வரையறுத்தார்கள்.

வராத விருந்தாளிக்கும் இலை போட்டு வைத்தார்கள். இலை கொஞ்சம் சின்னனாப் போச்சு, ஆனா பந்தியில் இடம் இருந்தது.