ஊதிய பிறகு: சென்னையிலும் கலிபோர்னியாவிலும் ஒரு குடிபோதை வழக்கின் ஆயுள்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டி வண்டி ஓட்டினால் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். கலிபோர்னியாவில் இந்தக் கோடு 80 மில்லிகிராமில் இருக்கிறது. அண்ணா நகரில் மாட்டிக்கொள்கிற ஒருவர், உடம்பில் அதே அளவோடு சான் ஓசேயில் ஓட்டினால் எண் கணக்கில் தப்பிவிடலாம். (நிதானம் தவறியது கண்ணுக்குத் தெரிந்தால் 80க்குக் கீழேயும் அங்கே வழக்குப் போடுவார்கள், அது தனிக் கதை.) கறாரான சட்டம் நம்முடையதுதான். ஆனால் மாட்டியவரின் வேலைக்கு எது உலை வைக்கிறது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகப் போகிறது. போகப் போக மறுபடியும் திரும்புகிறது.

இந்த இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலையைத் தொடங்கி, எச்1பி விசாவில் கலிபோர்னியாவின் பே ஏரியாவுக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். இரண்டு சட்டங்களுக்கும் உட்பட்டு வாழ்கிறவர்கள் அவர்கள்.

சென்னையில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரவு தடுப்புக்கட்டை. "ஊதுங்க சார்." கருவி ஒரு சின்னச் சீட்டை அச்சடித்துத் துப்புகிறது, அதில் எண். வண்டி ஸ்டேஷனுக்குப் போகிறது, ஆள் ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறார். காவலர்கள் மொழியில் இது 'டிடி கேஸ்'. சிக்னல் மீறல், ஹெல்மெட் போடாதது போன்றவற்றை அதிகாரியே அபராதம் வாங்கி முடித்துவைக்கலாம். 185 அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கிறார், இவர் தலையாட்டுகிறார், 10,000 ரூபாய் கட்டுகிறார். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று சட்டத்தில் இருந்தாலும், பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடுகிறது. லைசென்ஸை மூன்று மாதமாவது முடக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் சொல்லியிருக்கிறது.

வெளியே வந்ததும் அவர் நண்பரிடம் சொல்வது: "ஃபைன் கட்டிட்டேன், முடிஞ்சுது."

முடியவில்லை. அவர் கட்டியது போக்குவரத்துச் சலான் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, அந்தத் தண்டனையாக அபராதம் கட்டியிருக்கிறார். இந்த வித்தியாசத்தை அந்தக் கூட்டத்தில் அவருக்குச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவருக்கும் அன்றைக்கு வண்டியை மீட்பதுதான் கவலை.

சரி, இது அடுத்த வேலைக்குப் போகும்போது தெரியவருமா? தனியார் நிறுவனம் என்றால் அநேகமாக வராது. நம் ஊரில் பின்னணிச் சரிபார்ப்பு என்பது முதலில் டிகிரி, பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், வீட்டு முகவரி ஆகியவற்றைத்தான் குடைகிறது. நீதிமன்றத் தேடல் என்று ஒன்றும் செய்வார்கள். பெயரைப் போட்டு இணையத்தில் துழாவுவது. எம். முருகன் என்று தேடினால் எத்தனை முருகன்கள் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லாத தமிழ்ப் பெயர், குடும்பப் பெயரை வைத்துத் தேடப் பழகிய முறைக்குள் அடங்குவதில்லை. யாரும் மோதிக்கொள்ளாத டிடி வழக்குகள் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கை இல்லாமலே முடிந்துவிடுவதால், காவல் துறைச் சரிபார்ப்பிலும் அவை தலைகாட்டுவது அரிது. யாருக்காவது அடிபட்டிருந்தால் எல்லாமே மாறிவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125, உயிர் போயிருந்தால் 106 என்று பிரிவுகள் ஏறும். வழக்கு எண் விழும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நிலுவை வழக்கு என்று நிற்கும்.

கலிபோர்னியாவில் இந்த நழுவலுக்கு இடமே இல்லை. கைவிலங்கு, புகைப்படம், பத்து விரல் ரேகை எல்லாம் முதல் இரவிலேயே முடிந்துவிடும். வழக்கு இரண்டு தடத்தில் ஓடும்: நீதிமன்றம் ஒன்று, மோட்டார் வாகனத் துறை இன்னொன்று. பத்து நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் முதல் குற்றத்துக்கே நான்கு மாதம் லைசென்ஸ் போய்விடும். ஓட்டுநர் பதிவில் அந்த வரி பத்து ஆண்டு நிற்கும். வேலை கொடுப்பவர் தேடினால் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், கிடைத்ததை வைத்து அவர் என்ன செய்யலாம் என்பதற்கு அங்கே கடிவாளம் உண்டு. கைதாகித் தண்டனையில் முடியாத வழக்கைப் பற்றிக் கேட்கவே கூடாது என்கிறது மாநிலத் தொழிலாளர் சட்டம். 2018 ஜனவரியிலிருந்து, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும் நிபந்தனையோடு வேலைக் கடிதம் கொடுத்த பிறகுதான் குற்றப் பின்னணியைத் தொட முடியும். தொட்ட பிறகும், "குடித்துவிட்டு ஓட்டினாயா, போய் வா" என்று சொல்லிவிட முடியாது. குற்றம் எவ்வளவு தீவிரமானது, நடந்து எவ்வளவு காலமாயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எடைபோட வேண்டும். மறுப்பதாக இருந்தால் முதலில் ஒரு கடிதம், எந்தத் தண்டனையைப் பார்த்துத் தயங்குகிறோம் என்று குறிப்பிட்டு. பதில் சொல்லக் குறைந்தது ஐந்து வேலை நாள். அதன் பிறகுதான் இறுதி முடிவு. ஏழு ஆண்டுக்கு முந்தைய தண்டனையைச் சரிபார்ப்பு நிறுவனங்கள் தங்கள் அறிக்கையில் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தவர் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது.

இதைக் கேட்டு அங்கே பாலாறும் தேனாறும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பும் வழக்கம் உள்ள நாடு அது. பதிவைப் பார்த்து மனத்துக்குள் முடிவெடுத்துவிட்டு, காகிதத்தில் வேறு காரணம் எழுதுகிறவரைப் பிடிப்பது லேசில்லை. செவிலியருக்கு இந்த மாதிரி ஒரு தண்டனை, தொழில் உரிமத்தையே கேள்விக்குள்ளாக்கும். ஆனாலும் ஒரு தவறுக்கு இத்தனை ஆண்டுதான் ஆயுள் என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. பெயர்க் குழப்பமும் அங்கே உண்டு. முருகனுக்குப் பதில் கார்சியா. பிறந்த தேதியையோ லைசென்ஸ் எண்ணையோ வைத்து நீதிமன்றத்தின் மின்பதிவில் தேட அனுமதிக்கக் கூடாது என்று ரிவர்சைடு மாவட்ட நீதிமன்றம் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் சொன்னதும் சரிபார்ப்புத் தொழிலே திண்டாடிப்போனது.

நம் பக்கம் கடிவாளம் இருக்கிறதா? அரசு வேலைக்குப் போகும்போதுதான் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிகிறது. தேர்வில் ஜெயித்து, நேர்காணலும் முடிந்த பிறகு ஒரு சான்றுறுதிப் படிவம் கைக்கு வருகிறது. மத்திய அரசுப் படிவத்தில் கேள்விகள் வரிசையாக நிற்கும்: கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா, தண்டித்ததுண்டா. தவறான தகவல் தந்தால் தகுதியிழப்பு என்று மேலேயே எச்சரிக்கை. 'அபராதம்' என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. ஆனால் "ஃபைன் கட்டிட்டேன், முடிஞ்சுது" என்று நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர் என்ன எழுதுவார்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புக்கூட இருக்காது.

இந்த இடத்தில்தான் குடித்தது பின்னால் போய், மறைத்தது முன்னால் வருகிறது. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இதுதான்: விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்ல வேண்டும், அற்பமான குற்றம் என்றால், மறைத்திருந்தாலும்கூட, அதைப் பொருட்படுத்தாமல் விட வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. உரிமைதான், கடமை இல்லை. ஒரு துறையில் இருக்கும் அதிகாரி விட்டுவிடலாம், பக்கத்துத் துறைக்காரர் வேலையைப் பறிக்கலாம். எத்தனை ஆண்டு பழையது என்று இருவரும் பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தமிழ்நாட்டில் காவலர் தேர்வு இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளலாம் என்ற விதியை, 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் தண்டனையில்லாத கைதைக் கேட்கவே கூடாது. இங்கே விடுதலையே போதவில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு வழியை நம் நீதிமன்றமே எப்போதோ சொன்னது. ஹரியானா அரசு ஊழியர் ஒருவர் பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டதாக 20 ரூபாய் அபராதம் கட்டியவர். அதையே காரணமாக்கி வேலையிலிருந்து நீக்கினார்கள். பவன் குமார் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதோடு நிற்கவில்லை. போக்குவரத்து, நகராட்சி போன்ற சில்லறைக் குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு எத்தனையோ ஆயிரம் பேர் வாழ்க்கையைத் தொலைக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியது. 2,000 ரூபாய் வரைக்குமான அபராதத்தை அரசு வேலை விஷயத்தில் தண்டனையாகவே கருதக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரட்டும் என்றது.

நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. அப்போது குடிபோதையில் ஓட்டினால் முதல் குற்றத்துக்கு உச்ச அபராதமே 2,000 ரூபாய்தான். 2019 திருத்தம் அதை 10,000 ஆக்கிவிட்டது. சாலையில் சாகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த உயர்வை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தண்டனையைக் கூட்டியவர்கள் அது எப்போது தீரும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஒன்று இருக்கிறது. எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு ஓடும் வரிசையில் யாருக்கு அது நினைவுக்கு வரும்?

ஓட்டுநர் தொழிலில் மட்டும் இரண்டு இடங்களும் ஏறக்குறைய கைகோக்கின்றன. குடிபோதையில் ஓட்டித் தண்டிக்கப்பட்டவரை ஏழு ஆண்டுக்குச் செயலி வழி டாக்ஸியில் சேர்க்கக் கூடாது என்பது கலிபோர்னியச் சட்டம். நம் மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் அதே ஏழு ஆண்டுதான் இருந்தது. அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுநர் விடுமுறை நாளில் சொந்தக் காரில் மாட்டினாலும் ஓராண்டு லாரி உரிமம் போகும். இரண்டாம் முறை என்றால் வாழ்நாளுக்கும். இங்கே உத்தரப் பிரதேச ஆயுதப் படை ஓட்டுநர் ஒருவர், 2000இல் கும்பமேளா பணிக்குக் காவலர்களை ஏற்றிச் சென்ற லாரியைக் குடித்துவிட்டு ஓட்டி ஒரு ஜீப்பில் மோதினார். பெரிய சேதமில்லை என்று வாதாடினார்கள். உயிர்ச்சேதம் நேராதது அதிர்ஷ்டம், அது சலுகைக்குக் காரணமாகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 25 ஆண்டுப் பணிக்காகப் பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியது. அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவரிடம் கூடுதல் கண்டிப்புக் காட்டுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே அளவுகோலா என்பதுதான் கேள்வி.

அந்தக் கணினிக்காரருக்கு வருவோம். கலிபோர்னியா அவர் தவறை ஏழு ஆண்டில் மறக்கத் தயார். ஆனால் அவர் விசா கலிபோர்னியாவின் கையில் இல்லை. குடிபோதையில் ஓட்டியதாகக் கடந்த ஐந்தாண்டில் கைதானாலே, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறையை அமெரிக்க வெளியுறவுத் துறை 2015இலிருந்து வைத்திருக்கிறது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். உள்ளே இருக்கும் வரை வேலை பார்க்கலாம். வெளியே கால் வைத்தால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அதற்குத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் போய், குடிப்பழக்கம் நோயாக இல்லை என்று நிரூபிக்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு வராத அண்ணன்களில் சிலருக்கு 'பிராஜெக்ட் டெட்லைன்' என்பது வீட்டுக்குச் சொன்ன காரணம் மட்டுமே. கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் இதே கதை. மாநில நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்கானாலும் எழுதியாக வேண்டும்.

இங்கே மாட்டிவிட்டு அங்கே போகிறவருக்கும் இதே மாதிரி ஒரு படிவம் உண்டு. சென்னையில் பத்தாயிரம் கட்டியவர், ஆறு வருஷம் கழித்து, கம்பெனி அனுப்புகிறது என்று விசா விண்ணப்பத்தைத் திறக்கிறார். எந்தக் குற்றத்துக்காகவாவது எப்போதாவது கைது செய்யப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று கேட்கிறது திரை. ஏழு ஆண்டு, ஐந்தாண்டு என்ற வரம்பு எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை. அன்று ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தது கைதா என்று வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். தண்டனையா என்பதற்கு வக்கீல் தேவையில்லை. 'ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அந்த நாளைய நீதிமன்ற ரசீதைத் தேட வேண்டியதுதான்.