டிரில் பிட் வெட்டாம புகையுதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

டிரில் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பத்துப் பதினைந்து பிட்டுகள் வருவது வழக்கம். முதல் சில வேலைகளுக்கு நன்றாகத்தான் ஓடும். அப்புறம் ஒருநாள் கேட் பிரேமிலோ இரும்புக் கட்டிலிலோ துளை போடப் போனால், பிட் சுற்றுகிறதே தவிர உள்ளே இறங்காது. கீச்சென்று சத்தம், கொஞ்சம் புகை, முனை நீலமாக மாறிவிடும். உடனே நாம் என்ன செய்வோம்? உடம்பு எடையையெல்லாம் போட்டு அழுத்துவோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. மழுங்கின பிட் முறிந்து தெறிக்கும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு இன்னொரு கைக்கு வரும்.

பிட் இப்படிச் சீக்கிரம் மழுங்க பெரும்பாலும் இரண்டே காரணம்தான். பொருளுக்குப் பொருந்தாத பிட், அளவுக்கு மீறிய வேகம். மழுங்கிப் போனாலும் அதோடு கதை முடிந்துவிடாது. இரும்புக்கான பிட்டை வீட்டிலேயே சாணை பிடித்துப் பழையபடி வெட்ட வைக்கலாம்.

எதுக்கு எந்த பிட்?

சுவருக்கான பிட்டை முனையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கூரை மாதிரி சரிந்த ஒரு சின்னத் துண்டு தனியாகப் பதித்திருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு. இந்த பிட் இரும்பு பிட் போல சீவி எடுப்பதில்லை. ஹேமர் மோடில் இடித்து இடித்து செங்கல்லையும் கான்கிரீட்டையும் பொடியாக்குகிறது. அதனால் இரும்பில் வைத்தால் தேய்க்கும், அவ்வளவுதான். அதேபோல இரும்பு பிட்டை சுவரில் வைத்தால் சில நொடிகளிலேயே முனை போய்விடும். கான்கிரீட்டில் போட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பிட் நின்று உலோகச் சத்தம் கேட்டால், உள்ளே கம்பி இருக்கிறது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்டாமல் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும், பக்கவாட்டு நேர்கோட்டிலும் துளையே போடாதீங்க. வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

டைல்ஸ் விஷயத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். சாதாரண சுவர் டைல்ஸுக்கு ஈட்டி முனை உள்ள டைல் பிட் போதும். ஹேமர் மோடை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் ஓட்ட வேண்டும். டைல் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டும் ஹேமரும். விட்ரிஃபைடு டைல்ஸ் இதைவிடக் கடினம். அதற்கு வைரத்துகள் பதித்த கோர் பிட் வேண்டும், அடிக்கடி ஈரப்படுத்தவும் வேண்டும். ஆனால் தண்ணீரை மெஷின் மேல் படும்படி ஊற்றக் கூடாது, ஈர ஸ்பாஞ்சால் தொட்டுக்கொடுத்தாலே போதும்.

மரத்துக்கு, நடுவில் ஊசி மாதிரி முனை நீட்டிக்கொண்டிருக்கும் பிட் நல்லது, குறித்த இடத்தைவிட்டு நகராது. மாடுலர் கிச்சன் கதவுக் கீலுக்கான வட்டக் குழி என்றால் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்.

இனி இரும்பு. இங்கே கவனிக்க வேண்டியது ‘எச்.எஸ்.எஸ்.’ என்ற முத்திரை, அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல். அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் பிரெடரிக் டெய்லர், மான்செல் வொயிட் இருவரும் உருவாக்கிய பதப்படுத்தும் முறையில் பிறந்த எஃகு இது. 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவந்து கனன்றபடியே இரும்பைச் சீவிக் காட்டியது. பழைய கார்பன் ஸ்டீல் முனை 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே கடினத்தை இழந்துவிடும், எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மலிவு செட்டுகளில் முத்திரையே இல்லாத பிட்டுகள் இருந்தால் அவற்றை மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்க.

தங்க நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல பிட்டில் அது டைட்டானியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு. உராய்வைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் முதல் முறை சாணை பிடித்ததுமே முனையில் அது போய்விடும். உள்ளே இருக்கிற எஃகுதான் முக்கியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடிக்கடி வேலை இருந்தால் கோபால்ட் கலந்த பிட் வாங்கலாம். எம்35 என்றால் சுமார் 5 சதவீதம் கோபால்ட், எம்42 என்றால் சுமார் 8 சதவீதம்.

நூறு பீஸ் செட் வாங்குவதைவிட 3, 4, 5, 6, 8, 10 மி.மீ. அளவுகளில் நல்ல எச்.எஸ்.எஸ். பிட்டுகளும், 6, 8, 10 மி.மீ. சுவர் பிட்டுகளும் தனித்தனியாக வாங்குவதே புத்திசாலித்தனம். வீட்டு வேலையில் பெரும்பாலும் இவைதான் கைக்கு வரும்.

வேகம்தான் வில்லன்

‘ஹை ஸ்பீடு’ என்று பெயர் இருப்பதால் டிரிக்கரை முழுசா அழுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. சாதாரண இரும்பில் எச்.எஸ்.எஸ். பிட்டின் வெளி விளிம்பு நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடினால் சரி. கணக்குப் போட்டால் 3 மி.மீ. பிட்டுக்கு 3,000 ஆர்.பி.எம். வரை போகலாம். 10 மி.மீ. பிட்டுக்கு 800 முதல் 950 தான். வீட்டு டிரில்லின் முழு வேகம் பெரும்பாலும் 3,000-ஐ ஒட்டியே இருக்கும் என்பதால், 10 மி.மீ. துளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. முதலில் சென்டர் பஞ்ச், அடுத்து 4 மி.மீ. துளை, அப்புறம் பெரிய பிட், கூடவே ரெண்டு சொட்டு ஆயில்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்த வேகத்தில் பாதி போதும். அதில் பிட் வெட்டாமல் சும்மா உரசினால், உரசிய இடமே இன்னும் கடினமாகிவிடும். அதனால் வேகம் கம்மி, அழுத்தம் சீராக, சுருள் வராவிட்டால் உடனே நிறுத்தணும்.

சாணை பிடிப்பது எப்படி?

முதலில் பாதுகாப்பு. கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டாம், துணி சுழற்சியில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரைத் தலைகீழாகக் கட்டிவைத்து சாணை பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து அதையே செய்யாதீங்க. மேசையில் போல்ட் போட்டு நிறுத்திய பெஞ்ச் கிரைண்டர்தான் இதற்கு ஏற்றது. கல்லுக்கும் அதன் முன்னால் இருக்கிற தாங்கு பலகைக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கல்லின் முகத்தில் மட்டும் பிடிங்க, பக்கவாட்டில் வேண்டாம்.

பிட்டின் முனையைக் கிட்டத்தில் பாருங்க. இரண்டு வெட்டும் விளிம்புகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் சரிந்து இறங்கும் பகுதி. நுட்பம் முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. விளிம்பு உயரமாகவும், அதன் பின்பக்கம் தாழ்ந்தும் இருந்தால்தான் விளிம்பு உலோகத்தைத் தொடும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தாலும் பிட் உரசுமே தவிர வெட்டாது. 8 முதல் 12 டிகிரி சரிவு போதும். அதிகமானால் விளிம்பு மெலிந்து உதிரும்.

சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. ஆகவே பிட்டின் தண்டு கல்லின் முகத்துக்கு 59 டிகிரி சாய்வில் வர வேண்டும். தாங்கு பலகையில் 59 டிகிரிக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் வேலை சுலபம். இடது கை விரல்கள் முனைக்குக் கொஞ்சம் பின்னால் பலகையில் ஊன்றி இருக்கட்டும், வலது கை பின்முனையில். வெட்டும் விளிம்பு கிடைமட்டமாக, மேல்பக்கம் இருக்கணும். விளிம்பை லேசாகக் கல்லில் தொட்டு, வலது கையை மெல்லக் கீழே இறக்குங்க. இப்போது விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி தேயும். நமக்கு வேண்டிய சரிவு அதுதான். அப்படியே பிட்டை 180 டிகிரி திருப்பி, அடுத்த விளிம்புக்கும் அதே கோணம், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை.

கோணம் பார்க்க கேஜ் இல்லையா? ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளை பக்கத்தோடு பக்கம் ஒட்டிவையுங்க. நடுவில் வரும் பள்ளம் சரியாக 120 டிகிரி. பிட்டின் முனையை அதில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எந்தப் பக்கம் தேய்ந்தது, எது தேயவில்லை என்று தெரிந்துவிடும்.

இரண்டு விளிம்பும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், 8 மி.மீ. பிட் 8 மி.மீ.யைவிடப் பெரிய துளை போடும். ஒரு பழைய இரும்புத் துண்டில் போட்டுப் பாருங்க. இரண்டு பள்ளங்களிலும் சமமாகச் சுருள் வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் இரண்டு விளிம்பும் சமமாக இல்லை என்று அர்த்தம், மறுபடி தேய்த்துச் சரிசெய்யணும். சுருளே வராமல் வெறும் தூள் வந்தால் பெரும்பாலும் பின்சரிவு போதவில்லை.

சூடு ஏறுவதற்கு முன்பே அடிக்கடி தண்ணீரில் தொட்டு எடுக்கலாம். ஆனால் கை வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்த எச்.எஸ்.எஸ். பிட்டைத் திடீரென்று தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அதைக் காற்றில் ஆறவிடுவதே நல்லது. கார்பன் ஸ்டீல் பிட் நீலமானால் அந்தப் பகுதி மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம், நீலம் போகிற வரை தேய்த்துத்தான் ஆகணும்.

எல்லா பிட்டுக்கும் இந்த வேலை சரிப்படாது. 3 மி.மீ.க்குக் கீழே உள்ளவற்றில் விளிம்பைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம், புதுசு வாங்கிடுங்க. சுவர் பிட்டின் கார்பைடு முனையை சாதாரண சாம்பல் நிறக் கல் தேய்க்காது. பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லோ டைமண்ட் வீலோ வேண்டும். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, மாஸ்க் அவசியம். கிரைண்டர் இல்லாதவர்கள் மழுங்கின எச்.எஸ்.எஸ். பிட்டுகளைச் சேர்த்துவைத்து பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே வேலை செய்பவர் சாணை பிடிக்கும்போது அவர் வலது கையை மட்டும் கவனிங்க, எவ்வளவு கொஞ்சமாக இறங்குகிறது என்று புரியும்.