ஊராரே நடித்த இனவெறி

அமெரிக்க நாட்டில் மலிவுப் படம் என்று ஒருவகை உண்டு. பேயையும் கொலையையும் சுவரொட்டியில் பெரிதாகத் தீட்டி, சில நாள்களிலேயே எடுத்து முடித்து, போட்ட பணத்தை விரைந்து மீட்பதே அதன் இலக்கணம். இத்தொழிலில் கைதேர்ந்தவர் ரோஜர் கார்மன் (1926–2024). அத்தகையவர் 1962-இல் ‘தி இன்ட்ரூடர்’ என்னும் படத்தைத் தந்தது வியப்புக்குரியதே.

கதையின் வேர் ஒரு பள்ளிக்கூடத்தில் உள்ளது. நிறம் பார்த்து மாணவரைப் பிரித்தல் அரசியல் சட்டத்துக்கு முரண் என 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-இல் டென்னசி மாநிலத்துக் கிளின்டன் ஊர் உயர்நிலைப்பள்ளியில் கறுப்பின மாணவர் பன்னிருவர் சேர்ந்தனர். ஜான் காஸ்பர் என்னும் வெளியூரார் வந்து மக்களைத் தூண்டினார், கலகம் மூண்டது, படை வரவழைக்கப்பட்டது. 1958 அக்டோபரில் அப்பள்ளியே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிள்ளைகள் செய்த குற்றம் படிக்க வந்தமைதான்! இத்தகைய நிகழ்ச்சியைக் கருவாக்கிச் சார்லஸ் போமான்ட் 1959-இல் வெளியிட்ட புதினமே படமாயிற்று.

முதலாளிகள் எவரும் முன்வராமையால், கார்மனும் அவர்தம் உடன்பிறந்தார் ஜீனும் சொந்தப் பணத்தை இட்டனர். மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்குச் சிற்றூர்களில் படப்பிடிப்பு நடந்தது. கதையின் முழுப் போக்கையும் ஊராரிடம் கூறாமல், அவர்களையே கூட்டமாக நிறுத்தினர். வெள்ளுடை அணிந்த இன்சொல்லனாக வில்லியம் ஷாட்னர் இரவில் மேடையேறி நஞ்சைக் கக்குகிறார். கூட்டம் ஆரவாரிக்கிறது. அதில் பலருக்கு நடிக்கக் கற்றுத்தர வேண்டிய தேவையே எழவில்லை. பின்னர் உட்பொருள் வெளிப்பட்டதும் படக்குழுவினர்க்கு மிரட்டல் வந்தது. இடம்விட்டு இடம் பெயர வேண்டியதாயிற்று.

படத்தில் குறையும் உண்டு. கறுப்பின மாணவனின் உள்ளத்தைவிட வெறியனின் நாவன்மைக்கே மிகுதியாக இடம் தரப்பட்டுள்ளது. மேலும், வெளியூரான் ஒருவன் வந்து ஊரைக் கெடுத்தான், அவன் ஒழிந்தால் தொல்லை ஒழியும் என்பதுபோல் கதை முடிகிறது. ஆயின் அந்த இரவுக் கூட்டத்தின் முகங்கள் வேறு சான்று பகர்கின்றன. விதை அவனுடையது அன்று. அவன் தண்ணீர் ஊற்றினான், அவ்வளவே. எழுதியவர் சொல்லாததை ஒளிப்படக்கருவி சொல்லிவிட்டது எனலாம்.

இதழ்கள் சில பாராட்டின, அரங்குகள் நிறையவில்லை. கார்மனுக்கு நட்டமே மிஞ்சிற்று. படத்துக்கு ‘ஷேம்’ என்றும், ‘உன்னை அடியோடு வெறுக்கிறேன்’ எனப் பொருள்படும் மற்றொரு பெயரும் சூட்டி மலிவுப் படச் சந்தையிலேயே மீண்டும் விற்கப் பார்த்தனர். கார்மன் தம் பேய்க்கதைகளுக்கே திரும்பினார்.